இருநூறு கேமும் ஒரு சனிக்கிழமை இரவும்



பணம் கொடுத்து வாங்கிவிட்டு ஒரு தடவைகூடத் திறக்காமல் கிடக்கிற வீடியோ கேம்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன். வீட்டில் கேம் விளையாடுகிற பிள்ளை இருந்தால், ஹெட்போனைக் கழற்றச் சொல்லிப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இது அவர்களைத் திட்டுகிற பேச்சு இல்லை.

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். ஸ்டீம் கணக்கில் இருநூறுக்கும் மேற்பட்ட கேம்கள் வைத்திருக்கிறான். சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்காருவான். பட்டியலை மேலும் கீழும் உருட்டுவான். ஒன்றைத் திறப்பான், மூடுவான். கடைசியில் காலேஜ் நாளிலிருந்து விளையாடுகிற அதே பழைய கேமுக்குத்தான் போவான். "எல்லாம் இருக்கு மாமா, எதைத் தொடுறதுன்னுதான் தெரியல. லிஸ்ட்டைப் பார்த்தாலே ஏதோ பாக்கி வச்சிருக்கிற மாதிரி இருக்கு" என்றான். வாரம் முழுக்க வேலை பார்த்தவன் இளைப்பாற உட்காரும் இடத்திலும் பாக்கி என்ற நினைப்பு வந்துவிட்டதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

இது அவன் ஒருவனுடைய நிலைமை இல்லை. ஸ்டீம் என்பது வால்வ் என்கிற அமெரிக்க நிறுவனம் 2003 செப்டம்பரில் தொடங்கிய இணையக் கடை. வருஷக் கடைசியில், தன் வாடிக்கையாளர்கள் அந்த ஆண்டு என்ன விளையாடினார்கள் என்ற கணக்கை அது வெளியிடுகிறது. 2024ஆம் ஆண்டுக் கணக்கில், ஒருவர் விளையாடிய கேம்களின் இடைநிலை எண்ணிக்கை 4. பாதிப் பேர் வருஷம் முழுவதிலும் நான்கைத் தாண்டவில்லை என்று அர்த்தம். அதே ஆண்டில் அந்தக் கடைக்குப் புதிதாக வந்து இறங்கிய கேம்களோ 18,000க்கும் மேல். அந்தப் புது வரவுகளுக்குப் போன நேரம் மொத்த விளையாட்டு நேரத்தில் 15 சதவீதம்தான். மிச்ச நேரமெல்லாம் பழைய கேம்களுக்கே போயிருக்கிறது. என் மருமகன் பழைய கேமுக்குத் திரும்புவது ஊர் உலகம் செய்கிற காரியம்தான். வருஷத்துக்கு நான்கு என்று வைத்தால் அவன் இருநூறை முடிக்க ஐம்பது வருஷம் வேண்டும். முடிக்கவே முடியாத ஒன்றை முடிக்கவில்லையே என்று வருந்துவதில் நியாயம் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

இவ்வளவு எப்படிச் சேர்ந்தது? தொண்ணூறுகளில் நம் வீடுகளில் டிவி கேம் இருந்தது. மாரியோவும் கான்ட்ராவும் இருந்த ஒரு கேசட்டை வைத்துக்கொண்டு பெரிய லீவு முழுவதும் ஓட்டினார்கள். சலித்துப்போனால் பக்கத்து வீட்டுப் பையனோடு கேசட்டை மாற்றிக்கொள்வார்கள். இன்று கேம் வாங்கக் கடைக்கும் போக வேண்டாம், அலமாரியில் இடமும் வேண்டாம். ஸ்டீமில் 2015 முதல் ரூபாயிலேயே விலை போட்டிருக்கிறார்கள். கோடையிலும் குளிர்காலத்திலும் பெரிய தள்ளுபடி விற்பனை நடக்கிறது. விஷ்லிஸ்ட்டில் போட்டுவைத்த கேமின் விலை குறைந்தால் மின்னஞ்சல் தானாக வந்து சொல்கிறது. எபிக் என்ற இன்னொரு கடை 2018 டிசம்பரிலிருந்து இலவசமாகவே கேம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2020 ஜூனில் இட்ச் என்ற தளத்தில் இனநீதிக்காக நிதி திரட்டினார்கள். குறைந்தது 5 டாலர் கொடுத்தவருக்கு 1,700க்கும் மேற்பட்ட படைப்புகள் ஒரே கட்டாகக் கிடைத்தன. நல்ல காரியத்துக்குக் கொடுத்த பணம்தான். ஆனால் ஒரே ராத்திரியில் ஆயுளுக்கும் விளையாடித் தீராத குவியல் வீட்டுக்கு வந்துவிட்டது.

ஆடித் தள்ளுபடியில் எடுத்த புடவை மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடப்பது நமக்குத் தெரிந்ததுதான். மலிவாக வந்த பொருள் ஏன் அப்படிக் கிடக்கிறது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு வெளிச்சம் தருகிறது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இருவர் 1985இல் வெளியிட்டது. ஓஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கே கொடுத்தார்கள். சிலருக்கு 2 டாலர் குறைத்தார்கள், இன்னும் சிலருக்கு 7 டாலர் குறைத்தார்கள். சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்குப் போனார்கள். போட்ட பணத்தை நினைத்து நாம் எப்படி ஒன்றில் ஒட்டிக்கொள்கிறோம் என்பதைக் காட்டத்தான் அவர்கள் இதைச் செய்தார்கள். நான் இதை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறேன். தள்ளுபடியில் வாங்கும்போதே, அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற உந்துதலிலும் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. முக்கால் விலை குறைத்து வாங்கிய கேமைத் தொடாமல் விட்டால் பிள்ளைக்குச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது.

நேரம் இல்லை என்பதுதான் எல்லோரும் சொல்கிற காரணம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. நேரம் இல்லாதவர்களும் ராத்திரி இரண்டு மணிநேரம் சீரியலோ சினிமாவோ பார்க்கிறார்கள். சினிமா நாம் கண் அசந்தாலும் ஓடும். பாட்டு நாம் காய் நறுக்கும்போதும் கேட்கும். கேம் மட்டும் நம் கை நின்றால் நின்றுவிடும். அடுத்த அடியை நாம்தான் எடுத்துவைக்க வேண்டும். விழிப்போடு இருக்கிற மணிநேரத்தைத்தான் அது கேட்கிறது, உழைத்துக் களைத்த மனிதனிடம் மிகவும் குறைவாக இருப்பதும் அதுதான். அதனால்தான் பழைய கேமுக்குக் கை போகிறது. அங்கே புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை.

பாதியில் விட்ட கேம்கள் இதைவிடப் பெரிய சிக்கல். நாவலைப் பாதியில் விட்டால் நாலு பக்கம் பின்னால் புரட்டிப் பிடித்துக்கொள்ளலாம். கேமில் கதை ஞாபகம் வந்தாலும் கை மறந்துபோயிருக்கும். எந்தப் பட்டனில் குதிப்பது, பையில் இருக்கிற இந்த மருந்து எதற்கு, யாரைத் தேடிக் கிளம்பினோம் என்று ஒன்றும் பிடிபடாது. விளையாடுகிறவரின் இந்தத் தவிப்பை உணர்ந்து செய்த படைப்பாளிகளும் உண்டு. 2004இல் வந்த போக்கிமான் ஃபயர்ரெட், விட்ட இடத்தைத் திறந்ததும் கடைசியாகச் செய்தவற்றைக் காட்சி காட்சியாக நினைவூட்டும். தி விட்சர் 3, ஏற்றப்பட்டுக்கொண்டிருக்கும்போதே நடந்த கதையை ஒரு குரலில் சொல்லும். எல்லாப் பெரிய கேமிலும் இந்த வசதி இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அது வரும்வரை, ஒரு சமயத்தில் ஒரு பெரிய கேமுக்கு மேல் கைவைக்காதீர்கள். கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் ஆகியிருப்பதும் அது ஒன்றாகவே இருக்கட்டும். மற்றவை கணக்கில் இருக்கும், கண்ணில் பட வேண்டாம்.

அந்த விட்சர் 3 முதன்மைக் கதையை மட்டும் முடிக்கவே ஏறக்குறைய 50 மணிநேரம் ஆகும். சனிக்கிழமைக்கு இரண்டு மணிநேரம் என்றால் அரை வருஷம். இதைத் தெரிந்துகொண்டு தொடங்குகிறவருக்கு மனத்தாங்கல் வராது. நம் நேரத்துக்கு ஏற்ற நீளமா என்று பார்த்து வாங்குகிற வழக்கம் நம்மிடம் குறைவு. நூறு மணிநேரம் ஓடும் என்றால் கொடுத்த காசுக்கு லாபம் என்று நினைக்கிறோம். வேலைக்குப் போகிறவருக்குச் சின்ன கேம்தான் லாபம். 2007இல் வந்த போர்ட்டல் மூன்று, நான்கு மணிநேரத்தில் முடிந்துவிடும், யோசிக்க வைத்தது மட்டும் மனதில் வெகுநாள் நிற்கும். 2023இல் டொராண்டோவிலிருந்து வந்த வெண்பா ஒன்றரை மணிநேரத்துக்குள் அடங்கும். 1988இல் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், கிழிந்தும் அழிந்தும் போன அம்மாவின் சமையல் குறிப்பேடு, அதை ஊகித்து ஊகித்து இட்லியும் புட்டும் செய்கிற வெண்பா என்ற தாய், தமிழ் பேசத் தயங்குகிற மகன் கவின். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது, சிறந்த அறிமுகப் படைப்புக்காக இதற்குக் கிடைத்தது. கேமே தொட்டிராத அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து விளையாடலாம். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று அம்மாவே சொல்லித் தருவார்.

வாங்குவதைக் குறைக்க ஸ்டீமின் விதியிலேயே ஒரு வழி இருக்கிறது. வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணிநேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விற்பனையில் அள்ளிப்போட்டுத் திறக்காமல் வைத்தால் இந்த உரிமை பதினைந்தாம் நாள் போய்விடும். ஆகவே அந்த வாரமே திறக்கப் போவதை மட்டும் வாங்குங்கள். முதல் ஒரு மணிநேரத்தில் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள். பழைய பட்டியலில் இருப்பவற்றுக்கும் இதே அளவுகோல் போதும். இரண்டு மணிநேரம் கொடுத்தும் மனம் ஒட்டாத கேமை மறைத்துவைக்க ஸ்டீமிலேயே வசதி உண்டு. முடிக்காமல் விட்டால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. காசு போட்டோமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடிப்பதுதான் வீண், போன காசோடு ஐம்பது மணிநேரமும் சேர்ந்து போகும்.

எதை முதலில் எடுப்பது என்பதற்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி சொல்வேன். நிறுவனத்தின் சர்வர் இருந்தால்தான் ஓடும் என்கிற கேமைத் தள்ளிப்போடாதீர்கள். யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் பந்தய கேம் அப்படிப்பட்டது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். தனியாக விளையாடுகிற பகுதிகூட அதோடு செத்தது. பிறகு வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்தவரிடமிருந்து இப்படிப் பறிப்பது அநியாயம் என்று உலகெங்கும் விளையாடுகிறவர்கள் குரல் எழுப்பினார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் வந்த சட்டத்துக்குப் பிறகு, நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்று பணம் கட்டும் இடத்திலேயே ஸ்டீம் எழுதிக் காட்டுகிறது. அதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இணையம் இல்லாமல் ஓடக்கூடிய, தனியாக விளையாடுகிற கேம்களுக்கு இந்த அவசரம் கிடையாது. சிலவற்றுக்குத் தாமதமே நல்லது செய்திருக்கிறது. சைபர்பங்க் 2077 வெளியானது 2020 டிசம்பரில். ஏகப்பட்ட கோளாறுகள். சில நாட்களிலேயே சோனி தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது, திரும்ப வைத்தது 2021 ஜூனில். 2023 செப்டம்பரில் 2.0 என்ற பெரிய திருத்தம் வந்து, கேமின் பல அடிப்படைகளையே மாற்றிக் கட்டினார்கள். முதல் நாளே வாங்கி மூன்று வருஷம் தொடாமல் வைத்திருந்தவர், அன்றைக்கு அடித்துப் பிடித்து விளையாடியவர்களைவிட நல்ல கேமைத்தான் விளையாடினார்.