கல்லுடைத்தவர் கையில் குத்தகை



சர்க்கார் நிர்வாகத்தைச் சீர்திருத்த வேண்டுமென்று உலகமெங்கும் நிபுணர்கள் பேசுகிறார்கள். உத்தியோகப் பெயரை மாற்றினால் சீர்திருத்தமாகிவிடுமா? நமது ஜில்லாவில் நடந்த சங்கதியையே பார்ப்போம்.

இங்கே கல்குவாரிக் குத்தகை காண்ட்ராக்டருக்கு. வெயிலில் சல்லி உடைப்பதோ எழுத்தறியாத பெண்களுக்கு. எத்தனை லாரி போயிற்று, எவ்வளவு கூலி என்பதற்கெல்லாம் காண்ட்ராக்டர் சொன்னதே கணக்கு. கேட்டால் தலையெழுத்து என்பார்கள். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் அம்மையார் கலெக்டராயிருந்த காலத்தில், பல குவாரிகளின் குத்தகை அப்பெண்களின் குழுக்களுக்கே கொடுக்கப்பட்டது. 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தும் கணக்கும் கற்றார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். கையெழுத்து வந்தவுடன் தலையெழுத்து எங்கே போயிற்று?

ஆனால், தவணை முடிந்த குத்தகைகள் பல புதுப்பிக்கப்படவில்லை. ஏன்? அதிகாரியின் தயவால் வந்தது அதிகாரி மாற்றலானால் போய்விடும் என்பதுதான் நாம் கண்ட பாடம். ஆகவே, நல்ல கலெக்டர் வருவாரா என்று காத்திருப்பது, சாமி வரம் கொடுக்குமென்று காத்திருப்பதற்குச் சமானமேயாகும். நமக்கு வேண்டியது தயவல்ல, உரிமை. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் கையிலிருக்கிறது. குத்தகை யாருக்கு, சர்க்காருக்கு வரவு எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். வந்த பதிலைக் கிராம சபையில் உரக்கப் படியுங்கள். கணக்குக் கேட்கும் குடிகள் இல்லாத இடத்தில் எந்தச் சீர்திருத்தமும் காகிதத்தோடு சரி என்றே சொல்லுவோம்.