வாடியில் சில நாட்கள்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஊர்ப் பயணம் என்றே பொருள். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாஷியிலும் இருக்கின்ற நாம், ஆண்டெல்லாம் சேர்த்த விடுப்பை எடுத்துக்கொண்டு ரயிலேறுகின்றோம். அங்கே ஒரு திருமணம், ஒரு காதுகுத்து, குலதெய்வ வழிபாடு, பாகப் பிரிவினைப் பேச்சு. இவற்றிலேயே நாட்கள் தீர்ந்துவிடும். அது உறவின் கடமை, குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அதனை ஓய்வு என்று சொல்ல மனம் வரவில்லை. இங்கே அடுப்படியில் நிற்கும் பெண்மணி அங்கேயும் அடுப்படியில்தான் நிற்கின்றாள்.

நமக்கு மிக அருகிலேயே வேறொரு வழி இருக்கின்றது. வாஷியிலிருந்து பன்வேல், பேண், வட்கல் வழியாக நூறு கிலோமீட்டருக்குள் அலிபாக் வட்டாரம் வந்துவிடும். மாதுங்கா அன்பர்கள் கேட்வே ஆஃப் இந்தியாவில் படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா துறையில் இறங்கலாம். 2020 முதல் மோட்டார் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் கப்பல் மாண்ட்வாவுக்கு ஓடுகின்றது. கிஹீம், நாகாவ், ரேவ்தண்டா முதலிய சிற்றூர்களில் வாடி என்னும் அமைப்பைக் காணலாம். மரவாடி, மீன்வாடி என்று நாமும் சொல்கின்றோம். கொங்கணத்தில் வாடி என்பது தோப்பும் வீடும் சேர்ந்த நிலம். சாலையை நோக்கி வீடு. பின்னால் தென்னையும் கமுகும். அதற்கும் அப்பால் சவுக்கு மரங்கள். பிறகு மணலும் கடலும். வீட்டுக்காரர் இரண்டு மூன்று அறைகளைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகின்றார். சமையல் அவர்கள் வீட்டுச் சமையல். மகாராஷ்டிர அரசின் சுற்றுலாத் துறையும் ‘நிவாஸ் நியாஹாரி’, அதாவது உறைவிடமும் காலை உணவும், என்ற திட்டத்தின்கீழ் இத்தகைய வீடுகளுக்கு அனுமதி அளித்து வருகின்றது.

கிஹீம் என்றவுடன் பறவையியல் அறிஞர் சலீம் அலியின் நினைவு எழுகின்றது. 1930-இல் நிலையான உத்தியோகம் இன்றி இருந்த அவர், அங்கே கடலோரக் குடிலொன்றில் தங்கித் தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகின்றது. பெண் வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பின்னரே மீதியை முடிக்கின்றது. முடித்ததும் மற்றொரு கூட்டைக் கட்டத் தொடங்கிவிடுகின்றது. இவ்வளவையும் அவர் பொறுமையுடன் குறித்து வெளியிட்டார். வேலையில்லாத ஒரு பருவம் இத்துணைப் பயன் தந்தது அபூர்வமே. அலிபாக்கில் உள்ள காந்தவியல் ஆய்வகத்தின் கதையும் சுவையானது. மும்பைக் கொலாபாவில் நடந்துவந்த அளவைப் பணி, மின்சார டிராம் வந்தால் கருவிகள் தடுமாறும் என்று அஞ்சி, 1904-இல் அங்கே மாற்றப்பட்டது. நகரத்தின் இரைச்சலுக்குத் தப்பி அக்கரை சென்றவற்றுள் காந்த ஊசியும் ஒன்று!

இந்த வாடிக்காரர்கள் யார் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் தகும். நாம் தென்னாட்டிலிருந்து பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்தோம். கொங்கணத்து ஆண்மக்களும் அவ்வாறே வந்தனர். பஞ்சாலைகளில் உழைத்து ஊருக்கு மணியார்டர் அனுப்பினர். தபால்காரரை எதிர்பார்த்துக் கிடந்த வீடுகள் நம் மாவட்டங்களில் மட்டும் இருந்தவை அல்ல. 1982-இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆலைகள் பல மீளவே இல்லை. வேலை இழந்தவர்களுள் பலர் சொந்த ஊருக்குத் திரும்பினர். இந்நிலையில், தோப்பும் ஓரிரு அறைகளும் ஒரு குடும்பத்தை ஊரிலேயே நிறுத்தி வைக்கின்றன.

அதற்கும் சோதனை வந்தது. 2020 ஜூன் 3-ஆம் நாள் ‘நிசர்கா’ புயல் இக்கரையில் ஏறியது. தென்னையும் கமுகும் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. கமுகங்கன்று நட்டால் காய்க்க ஐந்தாறு ஆண்டுகளேனும் ஆகும். பெருந்தொற்றுக் காலமாதலால் அப்பொழுது விருந்தினரும் இல்லை. மறுபுறம், மாளிகை கட்ட விரும்பும் செல்வர்கள் நல்ல விலை கொடுத்து நிலம் வாங்கக் காத்திருக்கின்றனர். விற்றால் தொகை கிடைக்கும்; வாடி போய்விடும். ஆகவே ஓர் அறைக்கு நாம் தரும் வாடகை, கன்று மரமாகும் வரை அக்குடும்பம் தாக்குப்பிடிக்க உதவுகின்றது. பெரிய உல்லாச விடுதிக்குச் செலுத்தும் பணத்திற்கு இப்பயன் உண்டென்று நாம் கருதவில்லை.

சௌகரியங்களை மிகைப்படுத்த மாட்டோம். மின்சாரம் சில சமயம் நின்றுவிடும், கொசு உண்டு. அவ்வீடுகளில் பெரும்பாலும் மீன் சமைப்பார்கள். சைவ உணவு வேண்டுவோர் அறை பேசும்பொழுதே அதனைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால், அரிசிமாவு பாக்ரியும் வால் என்னும் மொச்சைக் குழம்பும் தேங்காய்ப்பாலில் கோகம் சேர்த்த சோல்கடியும் இலையில் வந்துவிடும். மழைக்காலத்தில் கேட்வேயிலிருந்து செல்லும் சிறு படகுகள் நிற்கும். அப்பொழுது கடலில் இறங்குவதும் ஆபத்து. அலிபாக் கரைக்கு எதிரே உள்ள குலாபா கோட்டைக்கு நீர் வற்றும் வேளையில் நடந்தே போகலாம். திரும்ப வேண்டிய நேரத்தை உள்ளூராரிடம் கேட்டுக்கொண்டு புறப்படுதல் வேண்டும். குழந்தைகளை அழைத்துச் செல்ல ஜனவரி உகந்த மாதம். மொச்சைக்காயை மண்பானையில் இட்டு, மணமுள்ள தழையால் வாயை அடைத்து, கவிழ்த்து வைத்துச் சுற்றிலும் தீ மூட்டுவார்கள். ஒரு துளி நீரும் சேர்ப்பதில்லை. போப்டி என்று அதற்குப் பெயர். பானையைத் திறக்கும்பொழுது அருகில் இருக்க வேண்டும்.