'ஷல்' என்னும் கடன்



நூற்றாண்டு விழாவிலும் இலக்கணமா என்று பின்வரிசையில் முணுமுணுப்புக் கேட்கிறது. பயப்பட வேண்டாம், ஒரேயொரு சொல்தான். 'ஷல்'.

'ஐ ஷல், வீ ஷல், யூ வில், ஹீ வில்' என்று நாமெல்லோரும் ஒப்புவித்தவர்கள்தாம். வாக்குறுதி என்றாலும் கட்டளை என்றாலும் அது அப்படியே தலைகீழாகும் என்றும் படித்தோம். ஆற்றில் விழுந்த அயலூரான் ஒருவன் இரண்டையும் மாற்றிக் கத்தினானாம். 'நான் மூழ்கியே தீருவேன், எவரும் என்னைக் காப்பாற்றக் கூடாது' என்று பொருள்கொண்ட ஆங்கிலேயர்கள் கரையிலேயே நின்றுவிட்டார்களாம். இலக்கண ஆசிரியர்களின் பழைய பகிடி இது.

இந்த விதியை ஒழுங்காக வகுத்தவர் ஜோன் வாலிஸ். 1653இல் வெளிவந்த அவருடைய ஆங்கில இலக்கணம் இலத்தீன் மொழியில் எழுதப்பட்டது. கணிதம் படித்தவர்களுக்கு இன்னொரு செய்தி: முடிவிலிக் குறியைத் தந்தவரும் அவரே. ஸ்கொட்லாந்துக்காரரும் அயர்லாந்துக்காரரும் அமெரிக்கரும் அவருடைய விதியைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. நாம்தான் கொப்பி நிறைய எழுதினோம்.

விதியைவிட வேர் சுவையானது. 'வில்' பிறந்தது விருப்பத்தில். 'ஷல்' பிறந்ததோ கடனில். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் 'கடன்பட்டிருத்தல்' என்றும் பொருள் இருந்தது. ஜேர்மனியில் வாழும் நம் தோழியருக்கு 'ஷுல்ட்' என்ற சொல் தெரிந்திருக்கும். கடனும் அதுதான், குற்றமும் அதுதான். அதுவும் இதே வேரிலிருந்து வந்தது. நமக்கும் இது புதிதல்ல. வட்டிக்கு வாங்குவதும் கடன், கோயிலுக்கு நேர்ந்ததும் நேர்த்திக்கடன், பெற்றோருக்குச் செய்வது இறுதிக்கடன். பணத்தையும் கடமையையும் ஒரே சொல்லில் இணைப்பதை இரு மொழிகளும் தனித்தனியே செய்திருக்கின்றன.

இந்தக் கடன் இன்றும் தங்கியிருக்கும் இடம் சட்டம். அங்கே 'ஷல்' எதிர்காலம் சொல்வதில்லை, கட்டாயம் சொல்கிறது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது இந்தத் துணைவினையைக் கொண்டுதான். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றதும் அதே 'ஷல்'லைக் கொண்டுதான். கூடவே 'ஓல்சோ' என்றொரு சிறு சொல். அந்த ஒரு சொல்லுக்காக நம் தலைமுறை காத்திருந்த காலம் முப்பத்தொரு வருடம்.

தமிழ்ப் பிரதியில் அது 'ஆதல் வேண்டும்' என்று வருகிறது. வேண்டுதல் என்றால் விரும்புதல், இரத்தல். ஆங்கிலத்தில் அரசு நமக்குப் பட்ட கடனாக நிற்பது, தமிழில் ஏதோ விண்ணப்பம் போல ஒலிக்கிறது. சட்டம் அப்படிப் பொருள்கொள்ளாது, உண்மை. என்றாலும் காது கொள்கிறது. தமிழில் அனுப்பிய கடிதத்துக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால், 'பரவாயில்லை, அயலில் யாரையாவது கேட்டு வாசிப்போம்' என்று நாம் மடித்து வைப்பதில் அந்தக் காதுக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறோம். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் அரச அலுவலரிடமிருந்து தமிழில் பதில் பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அங்கேயும் 'ஷல்'தான். அடுத்த கடிதத்தில் அந்த இலக்கத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

தென்னாபிரிக்கர் 1996இல் தம் அரசியலமைப்பில் 'ஷல்'லை விட்டு 'மஸ்ட்' என்றே எழுதினார்கள், பொருள் மயங்கக் கூடாதென்று. பேச்சிலும் அது அருகி வருகிறது. உயிரோடிருப்பது பெரும்பாலும் கேள்வியில்தான்: எழும்புவோமா, போவோமா என்று மற்றவரின் சம்மதம் கேட்கும் இடத்தில். மண்டபத்துக்கு வெளியே தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. ஷல் வீ?