அச்சத்தை மொழிபெயர்த்தல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இரட்டைப்புலவர் கலம்பகம் பாடிய ஊர் திருவாமாத்தூர். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் வாழ்ந்து, 1898-இல் நிறைவெய்திய ஊரும் இதுவே. இங்கு நின்று சொல்லாராய்ச்சி செய்ய அச்சமாகத்தான் இருக்கிறது. அந்த அச்சத்தையே இன்று பேசுபொருளாக எடுத்துக்கொண்டேன். தமிழில் அச்சத்தைக் குறிக்கும் சொற்களையும் தொடர்களையும் ஆங்கிலத்தில் கொண்டு சேர்ப்பது எப்படி? தம் கவிதைகள் பிறமொழிக்குச் செல்ல வேண்டும் என்று விரும்பும் கவிஞர்கள் இவ்வவையில் இருப்பதால் இவ்வினா பயனுடையது எனக் கருதுகிறேன்.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அது தோன்றும் நிலைக்களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு என்றார். உரியியலில் பேம், நாம், உரும் என்னும் மூன்று சொற்களும் அச்சப்பொருள் தருவன என்று குறித்தார். இவற்றுள் பேம் வழக்கிழந்தது. நாம் என்பது இன்று தன்மைப் பன்மையாக மட்டுமே நிற்கிறது. உரும் இடியையும் குறிக்கும். ஆங்கில அகராதியில் அச்சம் என்பதற்கு நேராக ‘ஃபியர்’ என்று எழுதிவிட்டால் இம்மூன்றும் ஒன்றாகிவிடும். பொருள் ஓரளவு வந்து சேரும். இடியோசை வந்து சேராது.

திருக்குறளுக்கு வருவோம். ஜி.யு. போப் தம் மொழிபெயர்ப்பை 1886-இல் வெளியிட்டார். தீவினையச்சம் என்னும் அதிகாரத் தலைப்புக்கு ‘ஃபியர்’ என்று எழுதாமல் ‘டிரெட்’ என்ற கனமான சொல்லைத் தெரிந்தெடுத்தார். தீயை அஞ்சுவதினும் மிகுதியாகத் தீயவற்றை அஞ்ச வேண்டும் என்ற கருத்துக்கு அது பொருந்துகிறது. வெருவந்த செய்யாமை என்னும் 57-ஆம் அதிகாரத்துக்கோ ‘டெரரிசம்’ இல்லாமை என்று தலைப்பிட்டார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், குடிகளை அச்சுறுத்தி ஆளும் ஆட்சியைக் குறித்துப் பிறந்த சொல் அது. அரசனுக்கு அறிவுரை கூறும் அதிகாரத்துக்கு அக்காலத்தில் மிகப் பொருத்தமான சொல்லே. இன்று அச்சொல்லைப் படிப்பவர் நினைவுக்குக் குண்டு வைப்பவன் வருகிறான். கொடுங்கோல் மன்னன் வருவதில்லை. குறள் மாறவில்லை, போப்பின் எழுத்தும் மாறவில்லை. இடையில் ஆங்கிலம் நகர்ந்துவிட்டது. எந்த மொழிபெயர்ப்பும் முடிந்த முடிபாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

அணங்கு என்னும் சொல் இன்னும் கடினமானது. அது வருத்தம், வருத்தும் தெய்வம், வருத்தும் அழகு, வருத்தும் செயல் ஆகிய அனைத்தையும் தழுவி நிற்பது. ஜார்ஜ் ஹார்ட் 1975-இல் வெளிவந்த நூலில் இதனைப் புனித ஆற்றல் என்று விளக்கி, பெண்ணோடு சிறப்பாகப் பொருத்தினார். வி.எஸ். ராஜம் 1986-இல் எழுதிய கட்டுரையில், பெண்ணின் புனித ஆற்றல் என்ற அளவில் இச்சொல்லின் பொருளைச் சுருக்கிவிடுதல் தகாது என்று மறுத்தார். ஒரு சொல்லைப் பெயர்த்த முறையே ஒரு சமுதாயத்தைப் பற்றிய கொள்கையாக வளர்வதை இவ்விவாதம் காட்டுகிறது.

நிற்க. ஏட்டை மூடிவிட்டு நம் வீட்டுப் பேச்சைக் கேட்போம். வயிற்றில் புளியைக் கரைக்கிறது; ஈரக்குலை நடுங்குகிறது; தூக்கிவாரிப் போட்டது; பேயறைந்தது போல நின்றான்; உயிர் போய் உயிர் வந்தது. தமிழனின் அச்சம் பெரும்பாலும் வயிற்றில் குடியிருக்கிறது. புளியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஆங்கிலேயர் அதனைச் சமையற் குறிப்பாகவோ செரிமானக் கோளாறாகவோ கொள்வர். மயிர்க்கூச்செறிதலை ஆங்கிலேயர் வாத்தின் தோலாகவும், ஸ்பானியர் கோழியின் தோலாகவும் காண்பர். நமக்கோ அது அச்சத்திலும் வரும். இறைவன் திருமுன் நிற்கும் உவகையிலும் வரும்.

இலக்கணமும் வேறுபடுகிறது. ஆங்கிலத்தில் ஒருவர் அச்சமுற்றவராக ‘இருக்கிறார்’. ஸ்பானியத்தில் அச்சத்தை ‘உடையவராகிறார்’. நம் பேச்சிலோ, ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என நான்காம் வேற்றுமை வருகிறது. அச்சம் வெளியிலிருந்து வந்து நம்மைப் பற்றுகிறது. நாம் அதற்கு இடமாக நிற்கிறோம்.

இப்பகுதிச் சிற்றூர்களில், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து, ‘புள்ள பயந்துக்கிச்சு’ என்பார்கள். திருநீறு போடுவர், தர்காவில் ஓதிக் கயிறு கட்டுவர். ‘குழந்தை அஞ்சிற்று’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் நோய் மறைந்து நிகழ்ச்சி மட்டும் மிஞ்சும். மெக்சிகோ முதலிய நாடுகளில் இதற்கு இணையான ‘சுஸ்தோ’ என்னும் ஸ்பானியச் சொல் உண்டு. திடீர் அதிர்ச்சியால் உயிர் உடலை விட்டு அகல, பசியும் உறக்கமும் கெடும் நிலை அது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-இல் வெளியிட்ட கையேட்டில் இச்சொல்லை ஆங்கிலப்படுத்தாமல் அப்படியே வைத்து விளக்கம் எழுதியது. அச்சிறப்புக்கு நம் சொற்களும் உரியவையே.

இஃது இலக்கிய நயம் பற்றிய செய்தி மட்டுமன்று. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, துன்புறுத்தப்படுவோம் என்னும் ‘தக்க ஆதாரமுள்ள அச்சம்’ உடையவரையே அகதி என்று ஏற்கிறது. ஒரு மனிதரின் வாழ்வே அச்சம் என்ற ஒரு சொல்லின்மேல் நிற்கிறது! 1983-க்குப் பின் கனடாவிலும் ஐரோப்பாவிலும் அடைக்கலம் கேட்ட ஈழத்தமிழர் பலர், மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே தம் அச்சத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ‘அடிவயிறு கலங்கிப் போச்சு’ என்று ஒரு தாய் சொல்வதை, ‘வயிற்றுக் கோளாறு’ என்று பெயர்த்தால் என்ன ஆகும்? நம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டிலும் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. ஆகவே இதனைத் தொலைதூரத்துச் செய்தியாக நாம் தள்ளிவிட முடியாது.

மொழிபெயர்ப்பாளருக்கு நான் சொல்லக்கூடியவை மூன்று. முதலில், அச்சம் எதனால் வந்தது என்று தொல்காப்பியர் வழிநின்று கேளுங்கள். அடுத்து, உடலில் எங்கே உறைக்கிறது என்று பாருங்கள்; உறுப்பு மாறலாம், உறைப்பு குறையலாகாது. மூன்றாவதாக, ஈடு இல்லாத சொல்லை அப்படியே விட்டுச் சூழலால் விளக்குங்கள்.

இவ்வூர் அம்மன் கோயில் வட்டப்பாறையின் முன் பொய்ச்சத்தியம் செய்ய இன்றும் மக்கள் அஞ்சுவர். அவ்வச்சம் கோழைத்தனம் அன்று, நடுக்கமும் அன்று, சொல்லுக்குப் பொறுப்பேற்கும் உணர்வு. அதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லை நான் இன்னும் கண்டிலேன். பிறர் அச்சத்தை எடுத்துச் சொல்ல முன்வரும் ஒவ்வொருவரும் தம் சொல்லின்பால் அத்தகைய அச்சம் உடையவராதல் வேண்டும்.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம் பல்லாண்டு வாழ்க.