விளம்பரப் பக்கத்தில் வஞ்சப்புகழ்ச்சி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியை அவையோர் அறிவர். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசப்பெற்று, காவல் மிகுந்த மாளிகையில் அவன் வேல்கள் ஒளிவீசின. அந்த அழகை ஔவையார் குறைவின்றிப் புகழ்ந்தார். பின்னர், அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறிய உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்று இரங்குவார் போல ஒரு செய்தியைச் சேர்த்தார். இது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. புகழ்வது போலப் பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சிக்கு இதனினும் சிறந்த சான்று தேடுதல் அரிது.

தொண்டைமான் காட்டிய கொட்டிலை இன்றைய கண்கொண்டு நோக்கினால், அது ஓர் ஆடம்பர இதழின் விளம்பரப் பக்கம் என்பது புலனாகும். பொருளின் மேல் ஒளி விழுகிறது. பயன் மறைக்கப்படுகிறது. ஔவையார் அந்தப் பக்கத்தைக் கிழித்தெறியவில்லை. அதன் மொழியிலேயே பேசி, அதில் இல்லாத ஓர் உண்மையை அருகில் வைத்தார். விலங்குகளை மாந்தரின் இடத்தில் நிறுத்தி, ஆடம்பர விளம்பரங்களை எள்ளும் பகடிப் பக்கங்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் உருவாக்கும் புதிய கலைக்கும் இலக்கணம் இதுவே.

இக்கலையைப் பற்றிப் பேச இம்மண் மிகவும் தகுதி வாய்ந்தது. பழைய தகடூர் நாடே இன்று தருமபுரியும், 2004இல் அதனின்று பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டமுமாக விளங்குகிறது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகாரங்கள் ஓசூரில்தான் உருப்பெறத் தொடங்கின. நகைகளும் ஊர்திகளும் இங்கே ஆக்கப்படுகின்றன. காதலர் நாளையொட்டி ஓசூர் ரோசாக்கள் கடல் கடந்து செல்கின்றன. எல்லைக்கு அப்பால் பெங்களூரு விரிந்துகொண்டே வருகிறது. பளபளக்கும் பக்கங்களில் காணப்படும் பொருள்கள் பலவும் இவ்வூர்த் தொழிலாளர் கைபட்டவை.

அதே எல்லையைக் கடந்து வேறொரு கூட்டமும் வருகிறது. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் பன்னர்கட்டாக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் சவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளை அடைகின்றன. சில கூட்டங்கள் நெடுஞ்சாலையையும் கடந்து சானமாவுக் காட்டில் தங்குகின்றன. கேழ்வரகு முற்றும் காலம் அது. 2014இல் காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயமும், 2022இல் காவிரி தெற்கு வனவுயிர்ச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. எனினும் யானையின் வழித்தடம் வரைபடக் கோட்டோடு நின்றுவிடுவதில்லை. வேளாண்மக்களும் யானைகளும் உயிரிழந்த துயரங்களை இம்மாவட்டம் பலமுறை கண்டிருக்கிறது. ஆடம்பரமும் யானையும் ஒரே மண்ணில் உரசிக்கொள்ளும் இவ்விடத்தில், விலங்கை வைத்து விளம்பரத்தைப் பகடி செய்வது வெறும் பொழுதுபோக்காக இருக்க இயலாது.

தமிழுக்கு இம்முயற்சி முற்றிலும் புதிதன்று. பாரதியார் 1906 முதல் தம் பொறுப்பில் நடத்திய ‘இந்தியா’ இதழில் கருத்துப்படங்களுக்குப் பெரிய இடம் அளித்தார். 1970ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி வெளிவந்த ‘துக்ளக்’ முதல் இதழின் அட்டையில் இரண்டு கழுதைகள் உரையாடிக்கொண்டிருந்தன. மனிதன் சொன்னால் சினம் மூட்டும் செய்தியைக் கழுதை சொன்னால் சிரிப்பு முந்திக்கொள்கிறது. பஞ்சதந்திரக் கதைகள் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்துகொண்ட உத்தி இது.

வெளிநாட்டிலும் இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவில் ஒரு சிகரெட்டு நிறுவனம் 1988 முதல் மிடுக்கான ஒட்டகம் ஒன்றை விளம்பர நாயகனாக உலவவிட்டது. கனடாவின் ‘அட்பஸ்டர்ஸ்’ இதழ் 1996இல் அதே ஒட்டகத்தை நோய்ப்படுக்கையில் வாடும் புற்றுநோயாளியாகக் காட்டியது. மூல விளம்பரத்தின் தோற்றமே பகடிக்கும் பயன்பட்டது. மறைத்துவைத்த விளைவு மட்டுமே புதிதாகச் சேர்ந்தது. 1997இல் மிடுக்கான ஒட்டகம் விளம்பரங்களிலிருந்து விலக்கப்பட்டது. அதற்கு வழக்குகளும் மக்கள் எதிர்ப்பும் எனக் காரணங்கள் பல. பகடி அந்த எதிர்ப்பின் ஒரு குரலாக ஒலித்தது.

இனி, பக்கம் உருவாகும் முறையைக் காணலாம். ஆடம்பர விளம்பரத்திற்கென ஓர் யாப்பு உண்டு. இருண்ட பின்புலம், ஒரே பொருள், ஒரு பக்கத்திலிருந்து விழும் ஒளி, நிறைய வெற்றிடம், மூன்று நான்கு சொற்கள், மூலையில் ஒரு சின்னம். விலை எழுதப்படுவதில்லை. விலையைக் கேட்பவர் வாங்கத்தக்கவர் அல்லர் என்பது குறிப்பு. யாப்பறியாதவர் வெண்பாவைக் கேலி செய்ய இயலாததுபோல, இந்த அமைப்பைக் கல்லாதவர் இதைப் பகடி செய்ய இயலாது.

அந்தப் பக்கத்தில் நடிகர் நிற்கும் இடத்தில் விலங்கு நிற்கட்டும். விலங்குக்கு அந்தப் பொருள் தேவையில்லை. அந்தத் தேவையின்மையே நகைச்சுவையின் வித்து. கழுத்தில் வைரமாலை அணிந்த எருமை அதைக் குறித்துச் சிறிதும் பெருமை கொள்ளாமல் அசைபோடும்போது, பெருமை கொள்ளும் மனிதர் நினைவுக்கு வருகின்றனர்.

முன்பெல்லாம் இத்தகைய படத்திற்கு உயிருள்ள விலங்கைக் கொணர்ந்து விளக்குகளின் முன் நிறுத்தவேண்டும். அவ்விலங்குக்கு அது துன்பம். 2001ஆம் ஆண்டின் விதிகள் அதற்குப் பதிவும் இசைவும் வேண்டும் என வரையறுத்தன. 2022 முதல் பரவலான மிட்ஜர்னி போன்ற கருவிகள் சொல்லைப் பெற்றுப் படத்தைத் தருகின்றன. எந்த விலங்கு, எந்த நேரம், ஒளி எங்கிருந்து வருகிறது, முகத்தில் என்ன குறிப்பு என்று எழுதினால் படம் எழுகிறது. வருணனையே வித்தையாக அமைந்த இக்கருவி, ஓவியம் பயிலாத கவிஞர்க்கும் வாயில் திறந்துவிட்டது.

ஓசூர்க் கவிஞர் ஒருவர் யானைக்குக் கைக்கடிகாரம் அணிவித்து ஒரு பக்கம் ஆக்க முனைவதாகக் கொள்க. முதலில் கருவி ஆப்பிரிக்க யானையைத் தந்துவிடக்கூடும். முறம் போன்ற பெருஞ்செவி, குழிந்த முதுகு. இம்மண்ணின் யானைக்குச் செவி சிறியது, முதுகு வளைந்து உயர்ந்தது, தலையில் இரு மேடுகள் உண்டு. பிடிகளுக்கு வெளியே நீண்ட கொம்பு இல்லை. ஆண்களிலும் கொம்பற்ற மக்னா உண்டு. இவற்றைச் சொல்லிக் கேட்டுப் பெறவேண்டும்.

அடுத்து, கடிகாரத்தை எங்கே கட்டுவது? காலில் கட்டினால் அது சங்கிலியாகத் தோன்றும். கொம்பனின் தந்தத்தில் கட்டினால் வேறொரு பொருள் பிறக்கும். தந்தமே ஒரு காலத்தில் ஆடம்பரப் பண்டமாக விலைபோனது. அதன் பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்ய 1989இல் முடிவெடுக்கப்பட்டது. ஆகவே அந்தப் படத்தில் இரண்டு ஆடம்பரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருக்கும். ஒன்று விற்பனைக்கு உரியது. மற்றொன்று விற்கக் கூடாதது.

இப்போது நேரத்தைக் குறிக்கவேண்டும். யானை கேழ்வரகுக் கொல்லைக்கு வருவது நள்ளிரவுக்குப் பின் என்பது கவிஞரின் கருத்து. முட்கள் இரண்டரை மணியைக் காட்டவேண்டும் என்று எழுதுகிறார். கருவி பத்து மணி பத்து நிமிடத்தைக் காட்டுகிறது. மீண்டும் எழுதுகிறார். மீண்டும் அதே பத்து மணி பத்து நிமிடம். படக்கருவிகள் பலவற்றில் கண்டறியப்பட்ட குறை இது. காரணம் எளிது. கடிகார விளம்பரங்களில் முட்கள் பெரும்பாலும் அந்த நேரத்திலேயே நிறுத்தப்படுகின்றன. பன்னிரண்டுக்குக் கீழே உள்ள நிறுவனப் பெயரை இரு கைகளால் ஏந்துவதுபோல அவை விரிந்து நிற்கும். அத்தகைய படங்களை ஏராளமாகப் பார்த்துப் பயின்ற கருவி, கடிகாரம் என்றாலே பத்து மணி பத்து நிமிடம் என்று கொண்டுவிட்டது. அண்மைக் கருவிகளில் இக்குறை குறைந்து வருகிறது எனினும், அது கற்பிக்கும் பாடம் பெரிது. கருவி விளம்பரங்களை உண்டு வளர்ந்தது. புகழ்ச்சி அதற்குத் தாய்மொழி. வஞ்சம் அதற்குத் தானே வராது.

ஆகவே கவிஞர் போட்டோஷாப் அல்லது கட்டணமில்லா ஜிம்ப் போன்ற திருத்தக் கருவியைத் திறக்கிறார். பழைய முட்களை அழிக்கிறார். புதிய முட்களைத் தனி அடுக்கில் வரைந்து, இரண்டரை மணிக்குத் திருப்பி, அவற்றின் நிழலையும் சரிசெய்கிறார். தமிழ் எழுத்துகளையும் படக்கருவியிடம் ஒப்படைப்பதில்லை. அது கொம்பையும் சுழியையும் குழப்பிவிடக்கூடும். எழுத்துருவைத் தாமே தேர்ந்து அடிவரியை அமைக்கிறார்: “காலம் தவறாதவர்களுக்கு.” அதன் கீழே சிறிய எழுத்தில்: “கார்த்திகை இரவு. பன்னர்கட்டாவிலிருந்து நடந்தே வந்தவர்.” பின்புலத்தில், பரண்மேல் உறங்காமல் அமர்ந்திருக்கும் உழவரின் சிறு விளக்கு ஒரு புள்ளியாக ஒளிர்கிறது. அந்தப் புள்ளியே, ஔவையார் சேர்த்த கொல்லன் உலைக்கூடம். அதை நீக்கிவிட்டால் பக்கம் மீண்டும் வெறும் விளம்பரமாகிவிடும்.

இன்னோர் எடுத்துக்காட்டு. இவ்வட்டாரத்தின் ஆலம்பாடி மாடு உழைப்புக்குப் பெயர் பெற்றது. ஆடம்பரக் காரின் இடத்தில் ஆலம்பாடிக் காளை ஒன்று மழை நனைத்த தார்ச்சாலையில் நிற்கிறது. அடியில், கார் விளம்பரங்களின் வழக்கப்படி, சிறப்புக் கூறுகள்: “எருதுத்திறன் ஒன்று. எரிபொருள் வைக்கோல். தோல் அசலானது, அதன் உரிமையாளரே இன்னும் அணிந்திருக்கிறார்.” படிப்பவர் சிரித்து முடிக்கும்போது, காரின் இருக்கைத் தோல் யாருடையது என்ற வினா எஞ்சும்.

இங்கே எல்லைகளையும் எண்ணவேண்டும். நகை யார்மேல் விழுகிறது என்பது முதல் எல்லை. ஓராண்டு உழைப்பை ஓரிரவில் இழந்த உழவர் நகைப்புக்கு உரியவர் அல்லர். பசியால் வந்த யானையும் அல்ல. காட்டின் விளிம்பை மனையாக அறுத்து, “இயற்கையின் மடியில்” என்று விற்கும் புகழ்மொழியே குறி. “மூன்று பக்கமும் காடு, நான்காம் பக்கம் நீங்கள்” என்று ஒரு பிடி தன் கன்றோடு நின்று வீடு விற்பனை செய்யுமானால், அது தக்க இடத்தில் விழும் அடி.

சின்னங்கள் இரண்டாம் எல்லை. ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தால் கடலாமைகளுக்கு ஊறு நேரும் என்று கருதிய கிரீன்பீஸ் அமைப்பு, 2010இல் ஆமையும் டாட்டாவும் மோதும் கணினி விளையாட்டொன்றை வெளியிட்டது. தன் சின்னம் பயன்படுத்தப்பட்டதை எதிர்த்து டாட்டா சன்ஸ் வழக்குத் தொடர்ந்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2011 சனவரியில் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. கருத்துரைக்கவும் எள்ளவும் சின்னத்தைச் சுட்டுதல் வேறு, வணிகத்திற்காகக் கவர்தல் வேறு என்னும் நோக்கு அதில் இருந்தது. ஆயினும் அதை எல்லார்க்குமான உரிமச் சீட்டாகக் கொள்ளலாகாது. கற்பனைப் பெயரும் கற்பனைச் சின்னமும் படைத்துக்கொள்வதே பாதுகாப்பும் அழகும் ஆகும்.

மூன்றாவது எல்லையே இப்பகுதிக்கு இன்றியமையாதது. 2023 மார்ச்சில் போப் பிரான்சிசு வெண்ணிற ஆடம்பர மேலங்கி அணிந்ததுபோல் மிட்ஜர்னியில் ஆக்கப்பட்ட படத்தை உலகில் பலர் உண்மை என்றே நம்பினர். அங்கே நேர்ந்தது வியப்பு மட்டுமே. ஓசூர்ப் புறநகர்த் தெருவில் யானை நிற்பதாக ஒரு பொய்ப்படம் இரவில் கைப்பேசிகளில் பரவினால், மக்கள் தீப்பந்தத்தோடு வெளியே ஓடுவர். வனத்துறையினர் தவறான திசைக்கு விரைவர். மறுநாள் உண்மை எச்சரிக்கை வந்தாலும் நம்புவார் இரார். செயற்கைப் படங்களுக்கு அடையாளக் குறி வேண்டும் என ஒன்றிய அரசு 2025 அக்டோபரில் வரைவு விதிகளை வெளியிட்டது. சட்டம் சொல்வதற்காக அன்றி, கவிஞர் தாமாகவே அதைச் செய்யலாம். “செயற்கைப் படம்” என்னும் குறியைப் படத்தின் உள்ளேயே பொறித்தல் நன்று. உண்மையான ஊர்ப்பெயரையும் தெருவையும் காட்டாதிருத்தல் அதனினும் நன்று. பகடி நம்பவைப்பதற்காகப் பிறந்ததன்று. தன்னைப் பகடி என்று காட்டிக்கொண்டே மெய்யை உணர்த்துவது அது.

கவிஞர் பெருமக்களே! ஒளியும் மெருகும் இன்று எளிதில் கிட்டுகின்றன. தொண்டைமானின் கொட்டிலை ஓர் இமைப்பொழுதில் எழுப்பித் தரக் கருவிகள் காத்திருக்கின்றன. நுனி சிதைந்த வேல் எங்கே கிடக்கிறது என்பதை அவை அறியா. அதைக் கொல்லன் பட்டறைக்குச் சென்று பார்த்தவரே சொல்லவேண்டும். பரணில் கண்விழித்தவரையும், சங்கிலியின் தழும்பையும், கேழ்வரகுக் கதிரின் மணத்தையும் அறிந்தோர் இவ்வட்டத்தில் பலர் உளர். இரண்டாம் பத்தாண்டில் இவ்வட்டம் வெளியிடும் மலர்களில் கவிதைகளோடு இத்தகைய பகடிப் பக்கங்களும் இடம்பெறுமாயின், தகடூர்ப் பாடல் மரபுக்கு அது தகுந்த தொடர்ச்சியாகும்.