சோறும் பருப்பும்



சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், திருப்பெரும்புதூரை எட்டுமுன் இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊர் வருகிறது. ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த வட்டாரம் அது. அங்கே சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1998-ஆம் ஆண்டில் ஹூண்டாய்க் கார்கள் அங்கிருந்து வெளிவரத் தொடங்கின. இன்று ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள் பரவிவிட்டன. பதினெட்டும் இருபதும் வயதான இளைஞரும் பெண்களும் பல மாவட்டங்களினின்று வந்து, விடுதிகளில் தங்கி, ஷிப்டு முறையில் வேலை பார்க்கின்றனர். உங்களிற் சிலரும் நாளை அங்குச் செல்லக்கூடும். அவர்கள் உண்ணும் உணவைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

கார் உருவாகும் வரிசையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். கதவும் இருக்கையும் எவ்வளவு குவிந்து கிடந்தாலும், ஸ்டியரிங் சக்கரம் அறுநூறே இருக்குமாயின் அன்று முடியும் கார்கள் அறுநூறுதான். நம் உடலில் புரதம் உருவாவதும் இவ்வாறே. இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்து உடல் தனக்கு வேண்டிய புரதங்களை அமைத்துக்கொள்கிறது. அவற்றுள் பதினொன்றை அது தானே ஆக்கிக்கொள்ளும். ஹிஸ்டிடின், ஐசோலியூசின், லியூசின், லைசின், மெதியோனின், பினைல்அலனின், திரியோனின், டிரிப்டோபன், வாலின் ஆகிய ஒன்பதும் உணவிலிருந்தே வரவேண்டும். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டா. இன்றைய பேச்சுக்கு லைசின் ஒன்றே போதும்.

தொழிற்சாலைக்கும் உடலுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. எஞ்சிய கதவுகளைத் தொழிற்சாலை கிடங்கில் வைத்துக்கொள்ளும். உடலுக்கு அத்தகைய கிடங்கு இல்லை. எஞ்சிய அமினோ அமிலங்களை அது எரித்துவிடுகிறது. அவற்றின் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் வெளியேறுகிறது. பற்றாக்குறை நீடித்தால் உடல் இன்னொன்றும் செய்கிறது: முடிந்து நிற்கும் காரிலிருந்து சக்கரத்தைக் கழற்றுவது போலத் தன் தசையையே பிரித்து, வேண்டிய உறுப்பை எடுத்துக்கொள்கிறது.

இவ்வொன்பதில் கடைசியாகக் கண்டறியப்பட்டது திரியோனின். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோஸ் என்னும் அறிஞர் 1935-இல் அதனை அறிவித்தார். பின்னர் அவர் தம் ஆராய்ச்சி மாணவர்க்கே தூய அமினோ அமிலங்களைக் கலந்த உணவைக் கொடுத்து, எதை நீக்கினால் உடலின் நைட்ரஜன் கணக்கு நட்டத்தில் விழுகிறது என்று அளந்தார். அந்த மாணவர்களின் பொறுமையை நாம் பாராட்டத்தான் வேண்டும்!

நம் நாட்டிலும் இத்துறைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. குன்னூரில் 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஆராய்ச்சியே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. மெக்கரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பருப்பும் பாலும் காய்கறியும் கொண்ட பஞ்சாப் உணவை உண்டவை கொழுத்து வளர்ந்தன. சென்னை மாகாணத்து ஏழை மக்களின் அரிசி உணவை உண்டவை மெலிந்து நின்றன. இதற்கு லைசின் குறைவு மட்டுமே காரணம் அன்று; வைட்டமின்களும் தாதுக்களும்கூட அவ்வுணவில் குறைந்திருந்தன. ஆயினும் வெறுஞ்சோறு போதாது என்பது அன்றே தெளிவாயிற்று.

எவ்வளவு போதாது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 8 கிராம் புரதம் உண்டு. அப்புரதத்தின் ஒவ்வொரு கிராமிலும் சுமார் 37 மில்லிகிராம் லைசின் இருக்கிறது. இருக்கவேண்டியதோ 45 மில்லிகிராம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு அறிக்கை வகுத்தது. 55 கிலோ எடையுள்ள ஒருவர்க்கு நாளொன்றுக்கு 1,650 மில்லிகிராம் லைசின் வேண்டும். சோற்றிலிருந்து மட்டும் இதைப் பெற 560 கிராம் அரிசி உண்ண வேண்டும். சீரணத்தில் கழிவதையும் சேர்த்தால் அதற்கும் மேல்.

காலைமுதல் மாலைவரை ஏர் பிடித்தவர்க்கு அது பெரிய அளவன்று. உழைப்பு மிகுதி, பசி மிகுதி, சோறும் மிகுதி. வரிசையில் நின்றபடி சிறு திருகாணிகளைப் பொருத்தும் பெண்ணுக்கு 300 கிராம் அரிசியே நிறைந்துவிடும். அதில் கிடைப்பது சுமார் 890 மில்லிகிராம். தேவையில் பாதிக்குச் சற்று மேல். சோறு குறையும்போது அதனுடன் சேர்வது உயர வேண்டும் அன்றோ? அறுபது கிராம் துவரம்பருப்பைச் சேர்த்தால் அக்குறை ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. பருப்பில் லைசின் மிகுதி, மெதியோனின் குறைவு. அரிசியில் மெதியோனின் போதிய அளவு உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

நம் இட்டலி மாவைப் பாருங்கள். அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு. கலவையின் புரதத்தில் லைசின் கிராமுக்கு 50 மில்லிகிராமை ஒட்டி வந்துவிடுகிறது! அமினோ அமிலம் என்ற சொல்லே பிறவாத காலத்தில் நம் பாட்டிமார் கண்ட விகிதம் அது. வெண்பொங்கலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இரண்டையும் ஒரே வேளையில்தான் உண்ணவேண்டும் என்று முன்னர்க் கருதினர். அதே நாளில் உண்டால் போதும் என்பதே இன்றைய கருத்து.

எங்கே தவறிவிடுகிறது? பெரிய அண்டாவில் காய்ச்சும் சாம்பாரில் பருப்பு அடியில் தங்குகிறது. மேலே ஓடுவது புளிநீர். மேலாக முகந்து ஊற்றினால் தட்டில் நிறம் உண்டு, பருப்பு இல்லை. இடைவேளையில் தேநீருடன் உண்ணும் பன்னும், இரவில் உண்ணும் பரோட்டாவும் மைதாவாலானவை. மைதாவின் புரதத்தில் லைசின் அரிசிப் புரதத்தைவிடக் குறைவு. மேலும் ரஸ்க்கைப்போலப் பழுப்பேறச் சுடும்போது, லைசின் சர்க்கரையோடு பிணைந்து உடலுக்குப் பயன்படாமற் போகிறது. நிலக்கடலை நல்ல உணவே. ஆயின் அதிலும் லைசின் குறைவாதலால் சோற்றின் குறையை அது அவ்வளவாக நிரப்பாது. கொண்டைக்கடலை, காராமணி, மொச்சை, பச்சைப்பயறு ஆகியவற்றின் சுண்டலே அதற்கு ஏற்றது.

புலால் உண்போர்க்கு வழி இன்னும் எளிது. ஒரு முட்டையிலேயே நாளைய லைசின் தேவையில் கால் பங்கு கிடைத்துவிடுகிறது. நெத்திலிக் கருவாடு சிலவும், சைவர்க்கு ஒரு கிண்ணம் தயிரும் அப்படியே உதவும்.

விடுதியில் உணவுக் குழு இருந்தால் அதில் சேருங்கள். மாலைத் தேநீருடன் பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு கிண்ணம் சுண்டல் கேளுங்கள். பரிமாறுபவரிடம், "அண்ணா, கொஞ்சம் அடியிலிருந்து கலக்கி ஊற்றுங்கள்" என்று சொல்வதில் கூச்சம் வேண்டா.