லயம் போனது, மொழி போகலாமா?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று பரிசு பெற்ற பிள்ளைகளை மனமாரப் பாராட்டுகிறேன். பாராட்டோடு, பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோளும் வைக்க விரும்புகிறேன்.

இந்நாட்டில் தமிழ்க் கல்வி 1816-இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கியது. பின்னர் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், கூட்டு மலாய் மாநிலங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. நமது கெடா அந்தக் கூட்டில் இல்லை. ஆயினும் இங்கும் தோட்டந்தோறும் பள்ளிகள் எழுந்தன.

அந்நாளில் மொழியைக் காக்க வேண்டும் என்று யாரும் மேடை போட்டுப் பேசத் தேவையில்லை. பெரட்டுக் களத்திலும் குழாயடியிலும் மாரியம்மன் திருவிழாவிலும் காதில் விழுந்தது தமிழ்தானே! இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்தை விட்டுச் சுங்கைப் பட்டாணி, கூலிம் தாமான்களுக்குக் குடிபோய்விட்டோம். 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள், சில மூடப்பட்டும் சில இணைக்கப்பட்டும் இன்று ஏறத்தாழ 530 ஆகிவிட்டன.

திபெத்தியர்களைப் பாருங்கள். 1959-இல் நாட்டை விட்டு வெளியேறி இந்தியா வந்தவர்கள், 1960-இலேயே தர்மசாலாவில் பிள்ளைகளுக்குக் காப்பகம் தொடங்கினார்கள். அது பள்ளியாக வளர்ந்தது. கர்நாடகத்தின் பைலகுப்பேயில் சேர்ந்து குடியமர்ந்தார்கள். ஆனால் அங்கிருந்து நியூயார்க், டொரண்டோ என்று போன குடும்பங்கள், இப்போது வார விடுமுறையில் வகுப்பு நடத்தித் தாய்மொழி கற்பிக்கின்றன. கூடி வாழ்ந்த இடத்தில் மொழி தானாக நிற்கும். பிரிந்து வாழும் இடத்தில் நாம்தான் அதை நிறுத்த வேண்டும். நம் கதையும் அதுவே.

"டீச்சர், தமிழ் படிச்சா சோறு போடுமா? எஸ்.பி.எம்.ல மார்க் கொறைஞ்சிடுமே!" என்று கேட்கிறீர்கள். நியாயமான கவலைதான். மலாய் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். ஆனால் ஆறு வருஷம் படித்த மொழியைப் பன்னிரண்டு வயதிலே கைகழுவிவிட்டால், கடிதம் எழுதத் தெரியும். ஒரு கதைப் புத்தகத்தை ரசித்துப் படிக்கிற பக்குவம் எப்போது வரும்?

தேசிய இடைநிலைப்பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும் என்பது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். அன்று 10 பிள்ளை இருந்தால் பொறுப்பு நிர்வாகத்துடையது. இன்று 15 பேரைச் சேர்க்கும் பொறுப்பு நம்முடையது. 14 பேரோடு நின்றுவிட்டால், அந்த 14 பிள்ளைகளுக்கும் சட்டத்தின் பலம் இல்லை. "மத்தவங்க கையெழுத்துப் போடட்டும், பார்ப்போம்" என்று சொல்கிறவர்தான் அந்தப் பதினைந்தாவது ஆள்!

ஆகவே, ஆறாம் ஆண்டுப் பெற்றோர்களே! படிவம் ஒன்றில் பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே தமிழ் வகுப்புக்கு எழுதிக் கொடுங்கள். பக்கத்து வீட்டாரையும் கூட்டிப் போங்கள். வீட்டில் சோறு பரிமாறும்போதாவது தமிழில் பேசுங்கள். கைப்பேசியில் பாட்டிக்கு அனுப்பும் நாலு வரியைத் தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பரிசுக் கோப்பைகள் அலமாரியில் இருக்கும். தமிழ் பிள்ளைகளின் நாவில் இருக்கட்டும்.